நட்டத்தைத் தாங்குவது யார்?

1964-இல் காக்கிநாடா வியாபாரிகள் சிலர் வழக்கத்துக்கு மாறான ஒரு வகுப்புக்காக ஹைதராபாத்துக்குப் புறப்பட்டார்கள். நடத்தியது அங்கிருந்த மத்திய அரசின் சிறுதொழில் பயிற்சி நிறுவனம். திட்டத்தை வகுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட். ஒரு நாடு தொழிலில் முன்னேறுவதும் பின்தங்குவதும் அதன் மக்கள் மனதில் சாதிக்கும் வேட்கை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று 1961-இல் பெரிய புத்தகமே எழுதியவர் அவர். பள்ளிப் பாடநூல்களில் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதைகளைக்கூட நாடு நாடாகத் திரட்டி, அவற்றில் அந்த வேட்கை எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து பார்த்தவர். வேட்கை குறைவான இடத்தில் பாடம் நடத்தி அதை ஊட்டிவிட முடியுமா? சோதித்துப் பார்க்க அவர் தேர்ந்தெடுத்த ஊர்களில் முக்கியமானது காக்கிநாடா.

முடிவுகள் அவருக்கு மகிழ்ச்சி தந்தன. பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழில்களில் இறங்கினார்கள், முதலீட்டைக் கூட்டினார்கள் என்று 1969-இல் வெளியான நூல் பதிவு செய்தது. விரதம், சாதி ஆசாரம், கர்மவினை என்று வாழும் இந்து வியாபாரிக்குப் புதிய முயற்சி ஒத்துவராது என்று பேசிவந்த மேலைநாட்டு அறிஞர்களுக்கு அது நல்ல குட்டு. ஆனால் அதே ஆய்வுக்குள் இன்னொரு செய்தியும் இருந்தது. பயிற்சியின் பலன் தெரிந்தது பெரும்பாலும் சொந்தக் கடையில் சொந்தமாக முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களிடம்தான். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ கீழே கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் எவ்வளவு வேட்கையோடு ஊர் திரும்பினாலும், அதை வைத்துச் செய்ய அவர் கையில் ஒன்றுமில்லை.

அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த இரண்டாவது செய்தியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கல்லூரி அரங்குகளிலும் ஸ்டார்ட்அப் மாநாடுகளிலும் இன்றும் மேடையேறுவது வேட்கைதான். துணிந்து இறங்கு, தோல்விக்கு அஞ்சாதே, வேலை தேடாதே வேலை கொடு என்று பேச்சாளர் முழங்குகிறார். முன்வரிசையில் கல்விக் கடனோடு உட்கார்ந்திருக்கும் மாணவன் கைதட்டிவிட்டு வளாக நேர்காணலுக்குப் போகிறான். அவனுக்குத் துணிச்சல் இல்லை என்பது பேச்சாளரின் முடிவு. அவன் போட்ட கணக்கு வேறு: இறங்கிக் கவிழ்ந்தால் வீட்டில் அடுத்த மாதம் அடுப்பு எரியுமா? இந்தக் கணக்குக்கு ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. தொழில்முனைவில் கலாச்சாரத்தின் பங்கு என்று ஏதாவது இருந்தால், அது பெரும்பாலும் அந்த விடைக்குள்தான் இருக்கிறது.

நைஜீரியாவின் தென்கிழக்கே நெவி என்றோர் ஊர். இக்போ மக்களின் ஊர். 1967-இல் இக்போ பகுதி பியாஃப்ரா என்ற பெயரில் தனிநாடாகப் பிரிய, போர் மூண்டது. 1970 ஜனவரியில் பியாஃப்ரா தோற்றுச் சரணடைவதற்குள் பல லட்சம் பேர், பெரும்பாலும் பட்டினியால், மாண்டுபோனார்கள். போருக்குப் பின் அரசு ஓர் ஏற்பாடு செய்தது. பியாஃப்ரா பகுதியினர் வங்கியில் எவ்வளவு போட்டு வைத்திருந்தாலும் சரி, ஆளுக்கு 20 பவுண்டு மட்டுமே திரும்பக் கிடைக்கும். இரண்டே ஆண்டுகளில், 1972-இல், வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்குகளை உள்நாட்டவருக்கு விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நாடே வாங்கிக் குவித்தபோது இக்போக்களின் கையில் அந்த 20 பவுண்டுகூட மிச்சமில்லை.

அதே மக்கள்தான் ஒரு தலைமுறைக்குள் லாகோஸின் அலாபா மின்னணுச் சந்தையையும், ஒனிச்சா, அபா ஊர்களின் பெருஞ்சந்தைகளையும், மோட்டார் உதிரிபாக வணிகத்தின் பெரும்பகுதியையும் தங்கள் வசமாக்கினார்கள். வங்கி உதவவில்லை. அரசு உதவவில்லை. உதவியது போருக்கு முன்பே அவர்களிடம் இருந்து, போருக்குப் பின் வீட்டுக்கு வீடு பரவிய ஒரு பழக்கம்.

பதின்வயதுப் பையனை, ஊரிலோ உறவிலோ தொழில் செய்யும் ஒருவரிடம் குடும்பத்தார் கொண்டுபோய் விடுகிறார்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை ஒப்பந்தம். சம்பளம் கிடையாது. சோறு, துணி, தங்க இடம் முதலாளி பொறுப்பு. முதல் ஆண்டுகளில் கடை கூட்டுவதும், மூட்டை தூக்குவதும், முதலாளி வீட்டு எடுபிடி வேலையும்தான். பிறகு சரக்கு எங்கே மலிவு, எந்த வாடிக்கையாளரை நம்பிக் கடன் கொடுக்கலாம், பேரத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மெல்ல மெல்லப் பிடிபடும். கடைசி ஆண்டுகளில் முதலாளி ஊரில் இல்லாதபோது கடையே அவன் கையில். காலம் முடிந்ததும் இரு வீட்டாரும் கூடியிருக்க, முதலாளி அவனைத் தனிக்கடை வைத்துக் கொடுத்து அனுப்ப வேண்டும். ரொக்கமாகவோ சரக்காகவோ கடை வாடகையாகவோ முதல் கொடுப்பார். வாடிக்கையாளர்களை அறிமுகம் செய்வார். திருப்பித் தர வேண்டியதில்லை. அந்தப் பையன் சில ஆண்டுகளில் தனக்கென்று ஒரு பையனைச் சேர்த்துக்கொள்வான். அதுதான் அவன் அடைக்கும் கடன்.

வியாபாரத்தின் சாதாரண அறிவுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தன் செலவில் வளர்த்து, தொழில் ரகசியம் சொல்லி, முதலும் கொடுத்து, தன் தெருவிலேயே ஒரு போட்டியாளரை உட்கார வைப்பதா? ஆனால் எத்தனை பேரைத் தனிக்கடை வைத்து அனுப்பினார் என்பதை வைத்துத்தான் அங்கே ஒரு முதலாளியின் மதிப்பை ஊர் எடை போடுகிறது. விலை நிலவரமும் சரக்கு வரத்தும் அந்தப் பழைய பையன்கள் வழியாகவே ஊர் ஊராகச் சுற்றுகின்றன. நெவியின் உதிரிபாக வியாபாரிகள் 1980-களில் இறக்குமதியை விட்டு உற்பத்திக்கே மாறினார்கள். தைவானிலிருந்து இயந்திரமும் கைநுட்பமும் தேடிக் கொண்டுவந்தார்கள். அரசு மின்சாரத்தை நம்ப முடியாத ஊரில் சொந்த ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தொழிற்சாலை நடத்தினார்கள். மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் விற்றுத் தொடங்கிய இன்னசன்ட் சுக்வுமாவின் இன்னோசன் நிறுவனம் இன்று அதே ஊரில் பேருந்தும் காரும் தயாரிக்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு தூரத்து உறவு கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அங்கே அது சட்டமாக இருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவர் போட்டித் தொழிலில் இறங்கக் கூடாது என்று முதலாளி எழுதி வாங்கும் ஒப்பந்தம் அந்த மாநிலத்தில் 1872 முதலே செல்லாது. 1957-இல் விஞ்ஞானி ஷாக்லியின் குறைக்கடத்தி ஆய்வகத்திலிருந்து எட்டுப் பேர் வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அவர்களில் இருவர், நாய்ஸும் மூரும், 1968-இல் அதையும் விட்டு இன்டெலைத் தொடங்கினார்கள். மறுகரையில், மாசசூசெட்ஸின் கணினிக் கம்பெனிகள் எல்லாவற்றையும் தங்கள் சுவருக்குள் பூட்டி வைத்தன. ஆட்களை விலங்கிடும் ஒப்பந்தங்களும் அங்கே செல்லுபடியாயின. மூலதனமும் மூளையும் இரு இடத்திலும் இருந்தும் ஒன்று ஏன் முந்தியது என்று விளக்கி அன்னாலீ சாக்சேனியன் 1994-இல் எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது. சிலிகான் பள்ளத்தாக்கின் மேதைகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை.

இக்போ ஏற்பாட்டைப் படிக்கும் தமிழருக்குச் செட்டிநாடு நினைவுக்கு வராமல் போகாது. பர்மா, மலேயா, இலங்கைக் கிட்டங்கிகளில் நகரத்தார் கடைகளுக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர்கள் அடுத்தாளாகி, மேலாளாகி, பின் சொந்தமாகத் தொழில் வைத்தார்கள். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவல் பினாங்கில் நடக்கும் அந்த உலகத்தைக் காட்டுகிறது. முன்பின் அறியாத ஊரில் ஒருவர் எழுதிய உண்டியலை இன்னொருவர் மதித்துப் பணம் கொடுத்தார். நடப்பு வட்டி எவ்வளவு என்பதை மாதந்தோறும் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். ஏமாற்றியவருக்கு வழக்கு, வாய்தா எல்லாம் வேண்டாம். இன்னொரு நகரத்தார் வீட்டில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ முடியாது என்பதே போதும்.

இத்தகைய சமூகங்களைப் பார்த்ததும் சொல்லப்படும் ஒரு வாக்கியம் உண்டு: “வியாபாரம் அவங்க ரத்தத்திலேயே இருக்கு.” இதைவிடச் சோம்பேறித்தனமான விளக்கம் இருக்க முடியாது. பனைத் தொழிலையே பெரிதும் நம்பியிருந்தவர்கள் நாடார்கள். கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டு, 1899-இல் சிவகாசியில் பெரும் கலவரத் தாக்குதலையும் எதிர்கொண்டவர்கள். அவர்களின் வணிக எழுச்சிக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் போதும். ஊர்விட்டு ஊர் சரக்குக் கொண்டுபோகும் வழியில் பாதுகாப்பாகத் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று உறவின்முறைக்கு மகமை செலுத்தினார்கள். அந்தப் பொதுப்பணத்தில் கிணறும் பள்ளிக்கூடமும் எழுந்தன. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி வந்ததுதான். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்ற பெயரில் சொந்த வங்கியே தொடங்கினார்கள். இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி அது. அதற்கு அடுத்த ஆண்டு அய்யநாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள்.

கதவு அடைக்கப்பட்டவர்கள் கடைத்தெருவுக்கு வருவது உலகெங்கும் நடந்த கதை. இங்கிலாந்தின் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்குப் பல்கலைக்கழகமும் அரசுப் பதவியும் நெடுங்காலம் எட்டாக்கனியாக இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முழுமையாகத் திறந்தது 1871-இல். அதற்குள் ஃப்ரை, கேட்பரி, ரவுன்ட்ரீ என்று சாக்லேட்டையும், பார்க்ளேஸ், லாயிட்ஸ் என்று வங்கியையும் அவர்கள் பிடித்துவிட்டார்கள். அவர்களுடைய சபைக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. கடனை அடைக்க முடியாமல் திவாலானவரை விசாரித்து, தவறு அவருடையது என்றால் சபையை விட்டே நீக்கிவிடும். வெளியார் க்வேக்கரை நம்பிப் பணம் போட்டதற்கு அவர்களுடைய நற்குணத்தைவிட இந்தக் கண்டிப்பு பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒடுக்குமுறையே தொழில்முனைவை வளர்க்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாரையும்விட அதிகமாகக் கதவு அடைக்கப்பட்டவர்கள் தலித்துகள். அவர்களில் ஏன் செட்டிநாட்டு மாளிகைகள் எழவில்லை? 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டின் தொழில் அமைப்புகளில் பட்டியல் சாதியினருக்குச் சொந்தமானவை 9.8 சதவீதம், மக்கள் தொகையில் அவர்கள் பங்கு 16 சதவீதத்துக்கு மேல். சேர்த்து வைக்க நிலமோ உபரியோ இல்லாதவர்களிடம் மகமை வசூலித்து எத்தனை ரூபாய் சேரும்? இட்லிக்கடை வைத்தால் ஊர்த்தெரு வந்து சாப்பிடுமா? நகரத்தாருக்கும் நாடாருக்கும் இக்போவுக்கும், எவ்வளவு இழிவு சுமந்தாலும், சரக்கை வாங்க ஆள் இருந்தது. தீண்டாமை அடைத்தது வாடிக்கையாளர் வரும் கதவை.

யாருக்குக் கதவு திறக்கும், யாருக்குத் திறக்காது என்ற இந்தக் கோடு திருப்பூரிலும் தெரியும். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் அந்தப் பின்னலாடை நகரத்தின் முதலாளிகளில் பலர், தாங்களும் ஒருகாலத்தில் பனியன் கம்பெனியில் தொழிலாளியாக இருந்து உழைத்து வந்தவர்கள் என்று பெருமையோடு சொல்வார்கள். பொய்யில்லை. அந்த ஊரை நெடுநாள் ஆராய்ந்த ஷரத் சாரி, எளிய விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த கவுண்டர் தொழிலாளர்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்று 2004-இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் அதே மிஷினில் அதே மணிநேரம் உழைத்த பெண்களும் தலித்துகளும் அந்த ஏணியில் ஏன் அப்படி ஏறவில்லை? உழைப்போடு கூட, பங்காளியாகச் சேர ஒரு மச்சானும், நூலைக் கடனுக்குக் கொடுக்க ஒரு சொந்தக்காரரும், ஜாப் ஒர்க் கொடுத்துத் தூக்கிவிடப் பழைய முதலாளியும் வேண்டியிருந்தார்கள். பெருமைப் பேச்சில் உழைப்பு மட்டும் மிஞ்சி, மச்சான் காணாமல் போய்விடுகிறார்.

சொந்தபந்தத்தின் கதகதப்பில் வளரும் தொழிலுக்கு எப்போதும் ஒரு வெளிவாசல் உண்டு. அங்கே யாரோ நிற்கிறார்கள். இக்போ ஏற்பாட்டிலேயே பெண்பிள்ளைகள் பெரும்பாலும் வெளியேதான். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததால், தனிக்கடை வைத்துக் கொடுக்கும் காலம் நெருங்கும்போது திருட்டுப் பட்டம் கட்டி வெறுங்கையோடு விரட்டப்படும் பையன்களும் உண்டு. ஆகவே பாட்டன் காலத்து ஏற்பாடுகளைப் பார்த்து உருகுவதோடு நின்றுவிட முடியாது. மச்சான் இல்லாதவருக்கு மச்சானாக நிற்க வேண்டியது சட்டம். சில நாடுகளில் அது நின்றிருக்கிறது.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். தோல்வியைக் கொண்டாடும் நாடு என்று மேடைகளில் சொல்வார்கள். ஹென்றி ஃபோர்டின் முதல் கார் கம்பெனி 1901-இல் மூடப்பட்டது. இரண்டாவதிலிருந்து 1902-இல் விலகினார். 1903-இல் தொடங்கிய மூன்றாவதுதான் ஃபோர்டு மோட்டார். இதை அமெரிக்க மனப்பான்மை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. அந்த மனப்பான்மைக்குக் கீழே திவால் சட்டம் இருக்கிறது. டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் தொழில் நொடித்தவர் குடியிருக்கும் வீட்டை, அதை அவரே அடமானம் வைத்திருந்தால் ஒழிய, கடன்காரர்கள் பொதுவாகத் தொட முடியாது. பிள்ளைகளோடு தெருவுக்கு வர வேண்டாம் என்று தெரிந்தால் தோல்வியைக் கொண்டாடுவது அவ்வளவு கடினமில்லை. அதே நாட்டில் 1988 வரை, தொழில்கடன் கேட்கும் பெண்ணிடம் கணவரோ தந்தையோ வேறொரு ஆணோ கையெழுத்திட வேண்டும் என்று கேட்கச் சில மாநிலங்களின் சட்டம் இடம் கொடுத்தது. அந்த ஆண்டு வந்த பெண்கள் தொழில் உரிமைச் சட்டம் அதை ஒழித்தது. அதற்கு முந்தின நாள்வரை அமெரிக்கப் பெண்களுக்குத் துணிச்சல் குறைவாக இருந்தது என்று யாராவது சொல்வார்களா?

ஜப்பான் இதற்கு நேர் எதிர். அங்கே பழைய நிறுவனம் தொடர்வதுதான் பெருமை. கோவில் கட்டும் கோங்கோ குமி நிறுவனம் 578-இல் தொடங்கி 2006 வரை தனித்து நின்றது. மகனுக்குத் திறமை போதாதென்றால் திறமையுள்ள மருமகனையே தத்தெடுத்துக் குடும்பப் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். மாருதி வழியாக நமக்கு அறிமுகமான ஒசாமு சுசுகி பிறப்பால் மாட்சுடா. வங்கி ஊழியராக இருந்து சுசுகி வீட்டு மருமகனானவர். இப்படி வீட்டுப் பெயரே தொழிலாக இருக்கும் நாட்டில், சிறுதொழில் கடனுக்கு வங்கிகள் முதலாளியின் சொந்த ஜாமீனைத் தவறாமல் வாங்கின. கம்பெனி கவிழ்ந்தால் வீடும் சேமிப்பும் மானமும் சேர்ந்து கவிழும். புதிதாக இறங்க ஜப்பானிய இளைஞர்கள் தயங்குவதைக் குணக்குறை என்று ஏசிக்கொண்டிருந்த நாட்டில், கடைசியில் அந்த ஜாமீனைத் தளர்த்தும் நெறிமுறைகள் 2014 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன.

ஸ்வீடனில் ஊழியர் ஒருவர் சொந்தத் தொழில் தொடங்கிப் பார்க்க ஆறு மாதம் விடுப்புக் கேட்டால், முதலாளிக்குப் போட்டியாகவோ பெரிய இடையூறாகவோ இல்லாதவரை, கொடுக்க வேண்டும் என்பது 1998 முதல் சட்டம். சரிப்படாவிட்டால் பழைய நாற்காலி காத்திருக்கும். வேலையில்லாதோர் உதவித்தொகை பெறுபவர் தொழில் தொடங்கினால் அந்தத் தொகையை உடனே இழக்க வேண்டாம் என்று பிரான்ஸ் 2002-இல் விதியைத் தளர்த்தியது. புதிய சிறு நிறுவனங்கள் கணிசமாகக் கூடின. பிரெஞ்சுக்காரர்களின் ரத்தம் அந்த ஆண்டு மாறிவிடவில்லை.

இந்தியாவில் இருப்பதும் இல்லாததும் கலந்தே இருக்கின்றன. சிறுதொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. கிளை மேலாளரின் மேசைக்கு அந்தச் செய்தி எப்போதும் போய்ச் சேர்வதில்லை. தலித், பழங்குடித் தொழில்முனைவோருக்குத் தமிழக அரசு 2023-இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் திட்டம் முதலீட்டில் 35 சதவீதம் மானியமும் வட்டிச் சலுகையும் தருகிறது. முதலுக்கு வழி பிறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்? மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைத் தலித், பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. பல ஆண்டுகளாக அதில் பாதிகூட எட்டப்படவில்லை. இட்லிக்கடைக்கு ஊர்த்தெரு வராத அதே கதை, டெண்டர் படிவத்தில்.

கவிழ்ந்தவரின் கதியோ இன்னும் மோசம். ஆயிரக்கணக்கான கோடிகளை விழுங்கிய பெருநிறுவனங்களுக்கு 2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது. காலக்கெடு, தனித் தீர்ப்பாயம், கடனில் பெருந்தள்ளுபடி எல்லாம் அதில் உண்டு. அதே சட்டத்தின் மூன்றாம் பகுதி தனிநபர்களுக்கும் சிறு கடை, பட்டறை உரிமையாளர்களுக்கும் உரியது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைப் பிடிப்பதற்கு மட்டும் அந்தப் பகுதியை 2019-இல் நடைமுறைப்படுத்தினார்கள். மற்றவர்களுக்கு அது இன்னும் தாளில்தான் இருக்கிறது. சென்னையில் ஒரு லேத் பட்டறைக்காரர் நொடித்துப் போனால் அவர் மஞ்சள் கடுதாசி கொடுப்பது 1909-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் போட்ட சட்டத்தின் கீழ். திருச்சிக்காரருக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். நாடாளுமன்றம் ஏற்கெனவே நிறைவேற்றிவிட்டதால், புதிய சட்டம் இவர்களுக்கும் கிடைக்க இனி மசோதா எதுவும் தேவையில்லை. மத்திய அரசின் கெசட் அறிவிக்கை ஒன்றே போதும்.